காட்டில் வளர்ந்த மரத்தைப் போன்சாய் ஆக்குவது: வேர் முதலில், கிளை பிறகு, தொட்டி கடைசியில்

விதை போட்டு வளர்க்கும் போன்சாயில் கிளைகளை மூன்று நான்கு ஆண்டுகளில் உண்டாக்கிவிடலாம். ஆனால் பருத்த அடிமரம், வெடித்துச் சொரசொரத்த பட்டை, தரையைக் கவ்விப் பிடித்த மேல்வேர் எல்லாம் வர இருபது முப்பது ஆண்டுகள்கூடப் போதாமல் போகும். பாறை இடுக்கிலும் வறண்ட மேட்டிலும் தானாக முளைத்து, ஆடு மாடு கடித்தும் காற்றில் ஒடிந்தும் குட்டையாகவே நின்றுவிட்ட மரத்தைத் தேடிப் போவது அந்த அடிமரத்துக்காகத்தான். ஜப்பானியர் இப்படி எடுத்த மரத்தை யமடோரி என்பார்கள்.

இந்த வகை மரங்கள் தோண்டும்போது சாவதைவிட, தோண்டிய பிறகு சாவதே அதிகம். துளிர் வந்ததும் மரம் பிழைத்துவிட்டது என்று நினைத்துக் கிளையை வெட்டுவது, கம்பி சுற்றுவது, அழகான தொட்டிக்கு மாற்றுவது என்று ஒரே ஆண்டில் எல்லாவற்றையும் செய்துவிடுவதுதான் காரணம். வேர் பிடிக்க ஒரு காலம், கிளை அமைக்க ஒரு காலம், தொட்டிக்கு ஒரு காலம் என்று பிரித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

எங்கிருந்து எடுக்கிறோம் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பாதுகாக்கப்பட்ட காட்டில் அனுமதியின்றி எடுப்பது பல நாடுகளில் குற்றம். தனியார் நிலமானாலும் உரியவரின் சம்மதம் வேண்டும். என்னைக் கேட்டால் இடிக்கப்போகும் சுவர், அழிக்கப்போகும் உயிர்வேலி, கட்டடம் வரப்போகும் காலிமனை இவைதான் சரியான இடங்கள். எப்படியும் வெட்டுப்படப்போகிற மரம் அது. அதை எடுத்து வளர்ப்பதில் யாருக்கும் நஷ்டமில்லை. பாறைப் பிளவுக்குள் ஒரே ஒரு நீண்ட வேரை இறக்கி நிற்கும் பழைய மரத்தைத் தொடவே கூடாது. அதற்கு அடியில் சல்லிவேர் இருக்காது. பறித்தால் செத்துவிடும்.

மரத்தைப் பார்க்கும்போது கண் தானாக இலைக்கும் கிளைக்கும் போகும். அதைத் தடுத்து, குனிந்து உட்கார்ந்து, தண்டைச் சுற்றி நான்கைந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு மண்ணை விரலால் விலக்கிப் பாருங்கள். வேர்கள் நான்கு பக்கமும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் பிரிகின்றனவா? அடி அகன்று மேலே போகப்போகச் சிறுக்கிறதா? முதல் இருபது முப்பது சென்டிமீட்டரிலேயே ஒரு வளைவோ ஒரு கிளைக்கணுவோ இருக்கிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் கிளை எவ்வளவு கோணலாக இருந்தாலும் எடுக்கலாம், ஏனென்றால் கிளையை நாம் உண்டாக்கிக்கொள்ள முடியும். நேர்க்குழாய் போல ஒரே பருமனில் மேலே போகும் தண்டையும், அடி சிறுத்து நடு பெருத்த தண்டையும் விட்டுவிடுங்கள். பின்னால் உயரத்தைத் தீர்மானிக்கவும் அடிமரமே அளவுகோல்: அடியின் விட்டத்தைப்போல் ஆறு மடங்கு உயரம் என்பது பழகிய கணக்கு. பத்து சென்டிமீட்டர் அடி என்றால் அறுபது சென்டிமீட்டர் மரம். ஐந்து மடங்கில் நிறுத்தினால் மரம் இன்னும் முரட்டுத்தனமாகவும் பழையதாகவும் தெரியும்.

எடுக்கும் காலத்தைத் தப்பவிட்டால் வேறு எதைச் சரியாகச் செய்தும் பயனில்லை. குளிரில் இலை உதிர்க்கும் மரங்களை, மொட்டு உப்பத் தொடங்கி இலை விரியாத அந்தச் சில வாரங்களில் எடுக்க வேண்டும். பைன், ஜூனிப்பர் போன்ற ஊசியிலை மரங்களுக்குக் குளிர் தணிந்து புது வளர்ச்சி கிளம்பும் தறுவாய். ஆல், அரசு, இச்சி, காகிதப்பூ போன்ற வெப்பநாட்டு மரங்களுக்கு இரவிலும் வெதுவெதுப்பாக இருக்கும் வளர்ச்சிக் காலத்தின் தொடக்கம். இவற்றைக் குளிர்ந்த மாதங்களில் எடுத்தால் வெட்டிய வேர் புதிதாக விடாமல் அப்படியே அழுகும்.

தோண்டுவது

முந்தின நாளே மரத்தடியில் நன்றாகத் தண்ணீர் விட்டுவிடுங்கள். ஈர மண் வேரோடு ஒட்டி நிற்கும். எடுத்துப் போக வேண்டியவை: கூரான மண்வெட்டி, கடப்பாரை, மண் பட்டாலும் கவலையில்லாத பழைய ரம்பம், கவாத்துக் கத்தரி, கயிறு, சாக்கு, பெரிய பிளாஸ்டிக் பை, தண்ணீர் தெளிப்பான். நல்ல ரம்பத்தை மண்ணில் இறக்கினால் ஒரே நாளில் பல் மழுங்கிவிடும்.

இலை அகன்ற மரத்துக்குத் தண்டின் விட்டத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு தூரத்தில் வட்டமாக வெட்டினால் போதும். ஊசியிலை மரத்துக்கு இன்னும் தள்ளி வெட்டுங்கள். வட்டத்துக்கு வெளியே ஒரு வாய்க்கால் எடுத்து, வேரைக் கண்டால் மண்வெட்டியால் குத்தாமல் கத்தரியாலோ ரம்பத்தாலோ வெட்ட வேண்டும். குத்திய வேர் நார்நாராகக் கிழியும். கிழிந்த இடம் அழுகும். பக்கவேர் முடிந்ததும் அடியில் சாய்வாகத் தோண்டி ஆணிவேரை ரம்பத்தால் அறுத்துவிடுங்கள். அசைத்து இழுக்கும் ஆசை வரும். அசைப்பதில்தான் மண் உதிர்ந்து சல்லிவேர் அறுந்துபோகிறது. அடியில் எல்லா வேரும் அறுபட்ட பிறகு மரம் தானாகச் சாயும், அதுவரை பொறுங்கள்.

அடி மண்ணில் சல்லிவேரே தென்படவில்லை என்றால் அன்றைக்கு எடுக்காமல் இருப்பதே நல்லது. வட்டத்தில் பாதியை மட்டும் வாய்க்கால் வெட்டி, அந்தப் பள்ளத்தில் கரட்டு மணல் நிரப்பி, மரத்தை அங்கேயே விட்டுவிடலாம். வெட்டுப்பட்ட வேர் நுனியிலிருந்து மணலுக்குள் புது சல்லிவேர் கிளம்பும். மறு ஆண்டு மற்றப் பாதி. அதற்கடுத்த ஆண்டில் மரத்தைத் தூக்கலாம். புளி போல ஆழமாக ஆணிவேர் விடும் மரங்களுக்கு இந்த நிதானம் மிகவும் தேவை. ஆல், இச்சி வகைக்கு இது வேண்டியதில்லை. கொஞ்சம் வேர் இருந்தாலே பிழைக்கும். காகிதப்பூவும் பிழைக்கும், ஆனால் அதன் வேர் மொறுமொறுவென்று ஒடியும். வேரைப் பிடித்துத் தூக்கவே கூடாது.

வெளியே எடுத்ததும் ஈரச் சாக்கால் வேர்க்கட்டை இறுகச் சுற்றிக் கயிறு கட்டி, அதன் மேல் பிளாஸ்டிக் பை போடுங்கள். வெயிலைவிட வண்டியில் அடிக்கும் காற்று கொடியது. திறந்த வண்டியில் அரைமணி நேரம் போனாலே சல்லிவேர் நுனி காய்ந்துவிடும்.

இலை அகன்ற மரத்தின் மேல்பகுதியை அங்கேயே வெட்டிக் குறைக்கலாம். வேர் குறைந்த அளவுக்கு இலையும் குறைய வேண்டும். ஊசியிலை மரத்தில் இதை நேர்மாறாக எண்ணுங்கள். அதன் பச்சைதான் வேரை வளர்க்கும் இயந்திரம். கொண்டுவர இடைஞ்சலாக இருக்கும் நீண்ட கிளையை மட்டும் வெட்டலாம். மற்ற பச்சையைத் தொடாதீர்கள்.

பலகைப் பெட்டியும் மண்ணும்

போன்சாய்த் தொட்டியை இப்போது நினைக்கவே வேண்டாம். முதல் சில ஆண்டுகளுக்குப் பலகைப் பெட்டியோ ஓட்டையுள்ள பிளாஸ்டிக் கூடையோ போதும். வேர்க்கட்டுக்கும் பெட்டிக்கும் இடையே நான்கைந்து சென்டிமீட்டர் இடைவெளி இருக்கட்டும். தாராளமாக இருக்கட்டும் என்று பெரிய பெட்டி எடுத்தால், வேர் எட்டாத மண்ணில் தண்ணீர் தங்கிப் புளித்துவிடும்.

மண் என்று சொன்னாலும் இதில் மண் இருக்கக் கூடாது. மூன்றிலிருந்து ஆறு மில்லிமீட்டர் அளவுள்ள பியூமிஸ் என்னும் துளைகள் நிறைந்த லேசான கல், எரிமலைக் கல், செங்கல் சல்லி, கரட்டு மணல் இவற்றில் கிடைப்பதை எடுத்து, சலித்து, தூளை முழுக்க நீக்கிவிடுங்கள். அந்தத் தூள் அடியில் இறங்கிச் சேறாகும். காற்று போகாத இடத்தில் வேர் வராது. பியூமிஸ் மட்டுமே போட்டாலும் புது வேர் அருமையாக வரும்.

பெட்டியில் வைக்குமுன் ஒவ்வொரு பருத்த வேரின் நுனியையும் கூர்க்கத்தியால் மழமழவென்று திருத்துங்கள். வெட்டிய முகம் கீழ்நோக்கி இருக்க வேண்டும். ஆல், அத்தி வகையில் பால் வடியும். தண்ணீரைத் தெளித்தால் சில நிமிடங்களில் நின்றுவிடும். அதன் பிறகு பருத்த வெட்டுக்கு, காயத்தை மூடும் வெட்டுப் பசை தடவுங்கள். ஊசியிலை மரத்தின் வேரில் வெள்ளை நூல் போலப் பூஞ்சை படர்ந்திருந்தால் அது நோய் இல்லை. வேருக்குத் துணையான பூஞ்சை, கழுவிவிடாதீர்கள்.

பழைய மண்ணை என்ன செய்வது என்பதில்தான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். ஆல், காகிதப்பூ போன்றவற்றில் அனேகமாக எல்லாவற்றையும் கழுவிவிடலாம். பைன், ஜூனிப்பரில் அப்படிச் செய்தால் மரம் போய்விடும். தண்டுக்கு அடியில் உள்ள பழைய மண் இருக்கத்தான் வேண்டும். ஆனால் களிமண் உருண்டையைச் சுற்றி இந்தக் கல் சல்லியை நிரப்பும்போது இரண்டும் இரண்டு விதமாகத் தண்ணீர் குடிக்கின்றன. ஊற்றிய தண்ணீர் சல்லி வழியாகவே ஓடி அடித்துளையில் வெளியேறும். நடுக்களி காய்ந்து கல்லாகும். மேலே பார்த்தால் ஈரம், அடியில் பார்த்தால் தண்ணீர் சொட்டுகிறது, நடுவில் வேர் தாகத்தில் சாகிறது. சில மரங்களில் இதற்கு மாறாக, சல்லி காய்ந்துகொண்டே இருக்க நடுக்களி வாரக்கணக்கில் ஊறிக் கிடந்து அழுகும். இரண்டையும் கண்டுபிடிக்க ஒரே வழி உண்டு. மெல்லிய மூங்கில் குச்சியை நடுக்கட்டுக்குள் பத்து சென்டிமீட்டர் இறக்கிப் பத்து நிமிடம் கழித்து உருவிப் பாருங்கள். குச்சி நிறம் மாறாமல் காய்ந்து வந்தால் உள்ளே தண்ணீர் போகவில்லை. கறுத்து, மூக்கருகே கொண்டுபோனால் புளித்த வாடை அடித்தால் அழுகல் தொடங்கிவிட்டது. காய்ந்த கட்டில் அதே குச்சியால் ஏழெட்டு ஓட்டை போட்டு அதில் பியூமிஸ் இறக்கினால் தண்ணீர் உள்ளே போகும் பாதை கிடைக்கும்.

நிரப்பும்போது குச்சியால் குத்திக் குத்தி வேர் இடுக்குக்குள் சல்லியை இறக்க வேண்டும். ஒரு வெற்றிடமும் இருக்கக் கூடாது. பிறகு கட்டுவது. பெட்டியின் அடித்துளை வழியாகக் கம்பி கொடுத்து, பருத்த வேரின் மேல் ரப்பர் துண்டு வைத்து முறுக்குங்கள். சோதனை எளிது: தண்டைப் பிடித்து அசைத்தால் பெட்டியும் சேர்ந்து அசைய வேண்டும். தண்டு மட்டும் ஆடினால், புதிதாக வரும் வேர்நுனி ஒவ்வொரு காற்றிலும் அறுந்துகொண்டே இருக்கும். வளராமல் நிற்கும் மரங்களில் பலவற்றைச் சோதித்தால் கோளாறு இந்தத் தளர்ச்சியாகத்தான் இருக்கும். கடைசியாக அடித்துளையில் தெளிந்த தண்ணீர் வரும்வரை ஊற்றுங்கள்.

துளிரை நம்பாதீர்கள்

நேரடி வெயில் படாத, காற்று சுழலாத, ஆனால் வெளிச்சமான இடத்தில் வையுங்கள். இலைக்கும் தண்டுக்கும் நாளுக்கு இரண்டு மூன்று முறை தண்ணீர் தெளிக்கலாம். இலையில்லாமல் மொட்டையாக எடுத்த ஆல், காகிதப்பூ மேல் பெரிய பிளாஸ்டிக் பையைக் கூடாரமாகப் போட்டால் துளிர் விரைவாக வரும். பைக்குள் வெயில் பட்டால் வெந்துபோகும், அதில் கவனம். மேல் சல்லி இரண்டு சென்டிமீட்டர் காய்ந்த பிறகே வேருக்குத் தண்ணீர். நிழலில் வளர்ந்த மரத்தின் பட்டையில் திடீர் வெயில் பட்டால் பட்டை சுருங்கி வெடித்து அந்தப் பக்கமே செத்துவிடும். சாக்குத் துணியால் தளரச் சுற்றி வையுங்கள்.

மூன்று நான்கு வாரத்தில் துளிர் வரும். அந்தத் துளிர் தண்டில் சேர்ந்திருந்த மாவுச்சத்தில் வந்தது. வேரில் ஒரு நுனிகூடப் புதிதாக வராமலே இது நடக்கும். சேமிப்பு தீர்ந்ததும் ஆறாவது, எட்டாவது வாரத்தில் அத்தனை இலையும் ஒன்றாகத் துவளும். மரம் தேறிவிட்டது என்று வெயிலுக்கு மாற்றியவர்களும் உரம் வைத்தவர்களும் மரத்தை இழப்பது இந்தக் கட்டத்தில்தான். முதல் இலைகள் முற்றிக் கரும்பச்சையாகி, அதன் பிறகு இரண்டாவது தளிர் கிளம்பினால்தான் வேர் வேலை செய்கிறது என்று பொருள். அதற்குப் பிறகு மிதமான உரம். அடித்துளையில் வெள்ளை வேர்நுனி எட்டிப் பார்த்தால் சந்தேகமே வேண்டாம்.

துளிரே வரவில்லை என்றாலும் அவசரப்பட்டுப் பிடுங்காதீர்கள். நகத்தால் பட்டையை ஒரு புள்ளி அளவு சுரண்டினால் கீழே பச்சையும் ஈரமும் தெரிய வேண்டும். தவிட்டு நிறமாக உலர்ந்திருந்தால் இன்னும் கீழே இறங்கிச் சுரண்டுங்கள். மேலே செத்து அடியில் உயிரோடு இருக்கும் மரமும் உண்டு. பார்ப்பதற்காகத் தூக்கி எடுத்து வேரைச் சோதிப்பது மரத்தைக் கொல்லும்.

வெப்பநாட்டு மரங்களுக்கு ஒரு முழு வளர்ச்சிப் பருவம் ஓய்வு. ஊசியிலைக்கு இரண்டு ஆண்டு, வயதான மரம் என்றால் மூன்று. இந்தக் காலத்தில் ஒரு கிளையையும் வெட்டக் கூடாது, நுனியையும் கிள்ளக் கூடாது. முப்பது சென்டிமீட்டர் நீளத்துக்குக் காடுபோல வளரட்டும். கம்பீரமான தண்டின் மேல் அந்தத் தாறுமாறான வளர்ச்சியைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது கடினம்தான். அந்தக் காலத்தை முகப்பு, அதாவது மரத்தைப் பார்க்க வேண்டிய முன்பக்கம், தேடப் பயன்படுத்துங்கள்: பெட்டியைத் திருப்பித் திருப்பி, கண்மட்டத்தில் வைத்து, மேல்வேர் அகன்று தெரியும் பக்கம் எது, தண்டின் வளைவு தெளிவாகத் தெரியும் பக்கம் எது, மேல் பாகம் பார்ப்பவரை நோக்கி லேசாகச் சாய்கிறதா என்று பாருங்கள். பெட்டிக்கு அடியில் ஒரு பக்கம் கட்டை வைத்துப் பத்து டிகிரி சாய்த்தாலே மந்தமான தண்டுக்கு உயிர் வந்துவிடும். எல்லா நல்ல குணமும் ஒரே பக்கத்தில் கிடைக்காது. மேல்வேரா வளைவா என்று வந்தால் மேல்வேரை எடுத்துக்கொள்வேன்.

வெட்டும் கம்பியும்

ஆல், அத்தி, புளி போன்றவற்றில் உயரத்தைக் குறைக்க, வேண்டிய இடத்துக்கு மூன்று நான்கு சென்டிமீட்டர் மேலே நேராக அறுங்கள். வெட்டுக்குக் கீழே கொஞ்சம் காய்ந்து வரும். அதற்குத்தான் அந்த இடைவெளி. பழைய தண்டில் பல இடத்தில் துளிர் கிளம்பும். அடுத்த உச்சியாகப் போகிற ஒன்றைத் தேர்ந்து, அது பென்சில் பருமன் ஆன பிறகு, அதன் அடியிலிருந்து எதிர்ப்புறம் சரிவாகத் தண்டை அறுத்துத் திருத்த வேண்டும். பட்டையின் ஓரத்தைக் கூர்க்கத்தியால் செதுக்கி, நடுவை இரண்டு மில்லிமீட்டர் குழிவாக்கிப் பசை தடவினால் தழும்பு புடைக்காமல் மட்டமாக மூடும். பைன், ஜூனிப்பரில் இந்த வேலை நடக்காது. பச்சை இல்லாத பழைய கட்டையில் அவை பெரும்பாலும் துளிர்ப்பதில்லை. பச்சை உள்ள கிளையை வளைத்து உச்சியாக்குவதே வழி.

முதல் கிளை உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவில், தண்டு வளைவின் வெளிப்புறத்தில் இருந்தால் நன்றாக அமையும். வளைவின் உட்புறம் வரும் கிளை, நேர் முகப்பில் கண்ணைக் குத்தும் கிளை, ஒரே கணுவில் சக்கரமாக நிற்கும் கிளைகள் போக வேண்டியவை. ஆனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் வெட்டாதீர்கள். பெரிய வெட்டுக்குப் பக்கத்தில் உள்ள வேண்டாத கிளையை இரண்டு ஆண்டு நீள வளரவிட்டால் தழும்பு சீக்கிரம் மூடும், அடியும் பருக்கும். வேலை முடிந்த பிறகு அதை வெட்டலாம்.

அலுமினியக் கம்பியின் பருமன் கிளைப் பருமனில் மூன்றில் ஒரு பங்கு, நீளம் கிளையைப்போல் ஒன்றரை மடங்கு. அருகருகே உள்ள இரண்டு கிளைக்கு ஒரே கம்பி, நடுவே தண்டில் ஒரு சுற்றாவது பிடிமானம். நாற்பத்தைந்து டிகிரி சாய்வில், இடைவெளி சீராக, பட்டையைத் தொட்டும் நெரிக்காமலும் சுற்றுங்கள். வளைக்கும்போது வளைவின் வெளிப்பக்கத்தில் கம்பி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அங்கேதான் பட்டை பிளக்கும். இரண்டு கட்டைவிரலையும் உள்வளைவில் ஊன்றி, கொஞ்சம் கொஞ்சமாக. ‘டிக்’ என்ற சத்தம் கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். தண்ணீர் விடுவதற்கு முன், மரம் லேசாக வாடும் தறுவாயில் கிளை நன்றாக வளைந்து கொடுக்கும். விரலைவிடப் பருத்த கிளைக்கு ஊறவைத்த நாரை இறுகச் சுற்றி அதன் மேல் கம்பி போடலாம், அல்லது இழுகம்பியால் மாதத்துக்குக் கொஞ்சமாகக் கீழே இறக்கலாம்.

வேகமாக வளரும் ஆல் வகையில் ஆறேழு வாரத்திலேயே கம்பி பட்டையைக் கடிக்கும். வாரம் ஒரு முறை உச்சிப் பக்கத்தைப் பாருங்கள், முதலில் கடிபடுவது அங்கேதான். ஊசியிலையில் ஓராண்டுகூட இருக்கலாம். கழற்றும்போது முறுக்கைத் திருப்பி எடுக்காமல் கம்பி வெட்டும் கத்தரியால் துண்டு துண்டாக நறுக்கி எடுங்கள். கம்பியை மிச்சம் பிடிக்கப் போய்க் கிளையை ஒடித்தவர்கள் அதிகம்.

ஜூனிப்பரில் செத்த கிளையின் பட்டையை உரித்து, நாரைக் கிழித்து, கந்தகச் சுண்ணாம்புக் கரைசல் தடவி வெளுக்க வைப்பது உண்டு. திறந்த வெளியில் செய்யுங்கள், நாற்றம் கடுமை. மண்ணில் சொட்டாமல் பெட்டியை மூடிக்கொள்ளுங்கள். பட்டையை உரிப்பதற்கு முன் எந்த வேர் எந்தக் கிளைக்குச் சாறு ஏற்றுகிறது என்று தண்டின் மேட்டைத் தடவிப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். தவறான கீற்றை உரித்தால் மேலே ஒரு கிளை முழுதும் காயும். ஆல், அத்தியில் இந்த அலங்காரத்துக்குப் போகாமல் இருப்பது நல்லது. அவற்றின் கட்டை மென்மையானது, ஈரத்தில் சீக்கிரம் உளுத்துவிடும். அங்கே காயத்தை மூட வைப்பதுதான் வேலை.

தொட்டிக்கு மாற்றும் ஆண்டில் கம்பியும் வெட்டும் கிடையாது. தொட்டியின் ஆழம் அடிமரத்தின் விட்டத்துக்கு ஏறக்குறையச் சமம், நீளம் மரத்தின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு. ஊசியிலை மரத்தில் முதல் முறை மாற்றும்போது பழைய களிமண்ணை ஒரு பாதியில் மட்டும், தண்டின் அடிவரைக்கும் குடைந்து எடுத்து, மறு பாதியைத் தொடாமல் விடுங்கள். எந்தப் பாதியை எடுத்தோம் என்று தொட்டி விளிம்பில் ஓர் அடையாளம் போட்டுவைத்தால், இரண்டு ஆண்டு கழித்து மிச்சப் பாதியை எடுக்கும்போது குழப்பம் வராது.